ஒன்ராறியோவில் கஞ்சாச் செடி: பின்வளவா, பேஸ்மன்டா, கடையா?

ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். பேஸ்மன்டில் வாடகைக்கு இன்னொரு குடும்பம். பின்வளவில் பாகற்கொடி, கத்தரி, கோடையில் மட்டும் வெளியே வரும் கறிவேப்பிலைச் சாடி. இந்த வீட்டில் ஒருவர் "சட்டம் விடுகிறதே, கஞ்சாச் செடி இரண்டு வைத்தால் என்ன?" என்று கேட்கிறார். விளக்கு எத்தனை வாட், என்ன மண் என்ற பேச்செல்லாம் அப்புறம். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெளியிலா உள்ளேயா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் கஞ்சாச் சட்டப்படி ஒரு வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தாலும் மொத்தம் நான்குதான். நாற்றும் அந்தக் கணக்கில் வரும். "ஒன்றிரண்டு பட்டுப்போகலாம்" என்று ஆறு விதையை முளைக்க வைத்தால் அதுவே மீறல். ஒன்ராறியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். விதையைச் சட்டபூர்வக் கடையில்தான் வாங்க வேண்டும். பேஸ்மன்டில் வாடகைக்கு இருப்பவரும் செடி வைக்க விரும்பினால், முன்கூட்டியே பேசிக் கட்டடம் முழுவதற்கும் நான்கோடு நிறுத்திக்கொள்வது தலைவலி இல்லாத வழி.

வேறு மாகாணத்துக்குக் குடிபெயர்பவர்கள் கவனிக்க வேண்டும். கியூபெக்கில் வீட்டில் ஒரு செடிகூட வைக்க முடியாது. அந்தத் தடை செல்லும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மானிட்டோபாவிலும் தடை இருந்தது, 2025இல் நீக்கினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளர்க்கலாம், ஆனால் செடி பொது இடத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படக்கூடாது.

இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் அடுத்ததை இரண்டு தடவை வாசிக்கவும். ஐந்து, ஆறு செடி என்றால் பொலிஸ் அபராத டிக்கெட்டோடு விடுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு மேல் போய்க் குற்றவியல் வழக்கானால், சட்டவிரோதப் பயிர்ச்செய்கைக்கு உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. நீதிபதி சிறிய தண்டனையே கொடுத்தாலும், உச்சத் தண்டனை 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றத்தில் தீர்ப்பாகிவிட்டால் குடிவரவுச் சட்டம் அதைக் "கடுமையான குற்றம்" என்றே பார்க்கும். நிரந்தர வதிவிடம் கையைவிட்டுப் போகக்கூடிய விஷயம் இது. பிஆர் அட்டையோடு இருப்பவருக்கு நான்கு என்பது எல்லைக்கோடு என்றால், இரண்டில் நிற்பதே புத்தி.

சரி, வெளியில் வளர்ப்பதைப் பார்ப்போம்.

கஞ்சா இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. ரொறன்ரோவில் ஜூன் மூன்றாம் வாரத்தில் பகல் ஏறக்குறைய 15.5 மணி நேரம். அந்த நாட்களில் செடி இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும். ஓகஸ்டில் இரவு போதிய அளவு நீண்டதும் பூக்க ஆரம்பிக்கும். மொட்டு, அதாவது புகைப்பதற்காக எடுக்கும் பெண் செடியின் பூக்கொத்து, முற்றி அறுவடைக்கு வரச் செப்டம்பர் கடைசி, பல வகைகளுக்கு அக்டோபர் நடு ஆகிவிடும். சிக்கலே இந்த இடத்தில்தான். கொலம்பியாவிலோ கேரளத்து மலையிலோ இந்தச் செடிக்குக் கிடைக்கும் நீண்ட சூடான முற்றும் காலம் இங்கே இல்லை. செப்டம்பர் பிற்பாதியில் காலைப் பனித்துளி, இடைவிடாத தூறல், பத்துப் பாகைக்குக் கீழ் இறங்கும் இரவுகள், அப்புறம் முதல் உறைபனி. நகரின் நடுப்பகுதியில் அது அக்டோபர் வரை தள்ளிப்போகலாம். வடக்கே போகப் போக முந்திவிடும்.

உறைபனியைவிடப் பூஞ்சணம்தான் அதிகப் பயிரைக் கெடுக்கிறது. திராட்சையையும் ஸ்ட்ரோபெரியையும் அழுக வைக்கும் அதே சாம்பல் பூஞ்சணம் கொழுத்த மொட்டின் உள்ளே ஈரம் தங்கும்போது பிடிக்கும். வெளியே பார்த்தால் நல்ல மொட்டு. ஒரு சின்ன இலை மட்டும் காரணமில்லாமல் காய்ந்திருக்கும். அதை இழுத்தால் கையோடு வரும், உள்ளே பழுப்பும் சாம்பலுமாகப் பொடி. அந்த மொட்டையும் சுற்றியுள்ளதையும் வெட்டி எறிய வேண்டும். "நல்ல பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்" என்று மிச்சம் பிடிக்கக்கூடாது, பூஞ்சணத்தைப் புகைப்பது நுரையீரலுக்குக் கெடுதி. மொட்டு எவ்வளவு பெரிதோ, அழுகும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். படத்தில் பார்த்து மயங்கும் பருத்த மொட்டுள்ள வகைகள் இந்த ஊர் இலையுதிர் காலத்துக்குச் சரிவராது.

இந்தக் குறைகளையும் மீறி வெளியில் வளர்ப்பதற்கு ஒரு பெரிய வசதி உண்டு: செலவே இல்லை என்று சொல்லலாம். வெயில் இலவசம், காற்று இலவசம், மழை பெய்தால் தண்ணீரும் இலவசம். தக்காளிக்கு வைக்கும் அதே மண்ணும் கொம்போஸ்டும் போதும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் விழும் மூலை வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரலில் ஜன்னலோரத்தில் முளைக்க வைத்து, மே மாதத்து விக்டோரியா தின வார இறுதிக்குப் பிறகு வெளியே கொண்டுபோவது இங்கே கத்தரிக்கும் மிளகாய்க்கும் இருக்கும் வழக்கம்தான். இதற்கும் அதே நாட்காட்டி. நிலத்தில் நட்டால் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். 20 லீட்டர் சாடியில் வைத்தால் உயரம் கைக்குள் நிற்கும். உறைபனி எச்சரிக்கை வந்த இரவில் கராஜுக்குள் தூக்கி வைக்கவும் முடியும்.

பூச்சியைப் பொறுத்தவரை வெளியில் ஜூலையில் வரும் ஜப்பானிய வண்டு இலையைச் சல்லடையாக்கும், பிறகு பச்சைப் புழு மொட்டுக்குள் புகும், அணில் புதுச் சாடியைத் தோண்டும். எரிச்சல்தான், ஆனால் செடி சாகாது. பறவையும் குளவியும் வேலையில் பாதியை நமக்காகச் செய்கின்றன. உள்ளே அப்படி யாரும் இல்லை.

பேஸ்மன்டில் செடி வளர்ப்பதற்கென்றே விற்கும் துணிக் கூடாரம் போட்டு வளர்க்கும்போது செடியைச் சுற்றியிருக்கும் உலகம் முழுவதையும் நாமே நடத்த வேண்டும். விளக்குதான் சூரியன். இலைப் பருவத்தில் நாளுக்கு 18 மணி வெளிச்சம் கொடுத்து, பூக்க வைக்க நினைக்கும் நாளில் 12 மணிக்குக் குறைப்பார்கள். அந்த 12 மணி இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும். கூடாரத்தின் ஜிப் சரியாக மூடாமல் தெருவிளக்கோ உலர்த்தும் இயந்திரத்தின் சின்ன விளக்கோ தினமும் உள்ளே கசிந்தால், பெண் செடியில் ஆண் பூவும் சேர்ந்து வந்து மொட்டெல்லாம் விதையாகிவிடலாம். பொறுப்பும் பொறுமையும் உள்ளவருக்கு உள்ளே வளர்ப்பதில் பலன் நிச்சயம். வானிலை பற்றிய கவலை இல்லை, ஜனவரியிலும் அறுவடை செய்யலாம், விதையிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஒரு சுற்று முடியும். மொட்டின் தரமும் பார்வைக்கு மேலாகவே இருக்கும். மீன் தொட்டி வைத்துத் தினமும் நீரைச் சோதிப்பவர்களை எனக்குத் தெரியும். இந்த வேலை அந்த மனப்போக்கு உள்ளவர்களுக்குப் பிடிக்கும். மற்றவர்களுக்கு இரண்டாம் மாதத்தில் அலுத்துவிடும்.

காசுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கூடாரம், எல்ஈடி விளக்கு, காற்றை வெளியேற்றும் விசிறி, மணத்தைப் பிடித்துவைக்கும் கார்பன் (கரி) வடிகட்டி, நேரங்காட்டி, சாடிகள் எல்லாம் ஓரளவு நல்ல தரத்தில் வாங்கினால் 500 டாலருக்குக் கீழே முடிவது அரிது. மின்சாரம் பலர் பயப்படும் அளவு வராது. 240 வாட் விளக்கு நான்கு வாரம் 18 மணி நேரம், பிறகு ஒன்பது வாரம் 12 மணி நேரம் எரிந்தால் ஒரு சுற்றுக்கு 302 யூனிட். விசிறியைச் சேர்த்தாலும் ஹைட்ரோ பில்லில் நூறு டாலருக்குள் அடங்கிவிடும். இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த கட்டணம் உள்ள திட்டத்தில் இருப்பவர்கள் பூக்கும் பருவத்து 12 மணி நேரத்தை இரவு 9 முதல் காலை 9 வரை வைத்தால், அந்தத் திட்டத்தில் விலை ஏறி நிற்கும் மாலை 4 முதல் 9 வரையான நேரத்தை அப்படியே தவிர்க்கலாம். பழைய சோடியம் விளக்குகளை யாராவது சும்மா தருகிறேன் என்றாலும் வேண்டாம். சூட்டை வெளியேற்றவே இன்னொரு செலவு. இணையத்தில் வரும் பெயர் தெரியாத மலிவு விளக்குகளில் சிஎஸ்ஏ போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நாள்தோறும் பல மணி நேரம் ஆளில்லாத அறையில் எரியப்போகும் பொருள் அது, பக்கத்திலேயே தண்ணீரும் இருக்கும்.

இதைக் கடை விலையோடு வைத்துப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரியும். 2018இல் சட்டபூர்வக் கஞ்சா விலை கூடுதலாக இருந்தது, அப்போது வீட்டில் வளர்ப்பது லாபம் என்ற பேச்சில் நியாயம் இருந்தது. இப்போது ஒன்ராறியோக் கடைகளில் 28 கிராம் பொட்டலம் நூறு டாலருக்குக் கீழேயே கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு பொட்டலம் போதும் என்பவர் கூடாரத்துக்குப் போடும் காசைக் கொண்டே ஒரு வருடத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம். காசு மிச்சம் என்ற காரணத்துக்காக மட்டும் பேஸ்மன்டில் இறங்குவது, என் பார்வையில், கணக்குத் தெரியாத வேலை.

மணம் பற்றிச் சொல்லாமல் இதில் எதையும் முடிவு செய்ய முடியாது. பூக்கும் பருவத்தில் கஞ்சாவின் மணம் லேசானதல்ல. வெளியில் என்றால் ஓகஸ்ட் நடுவிலிருந்து அறுவடை வரை, ஜன்னல் திறந்து வைக்கும் காலத்தில், வேலிக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. உள்ளே என்றால் கார்பன் வடிகட்டி வேலை செய்யும்வரை பெரிய பிரச்சினை இல்லை. கரி தேய்ந்துபோன பிறகு, பேஸ்மன்ட் அலமாரியில் மடித்து வைத்த கூறைச் சேலை முதல் சூடேற்றும் குழாய் வழியாக மேல் மாடிச் சாமியறை வரை ஏறிவிடும். இன்னொன்றும் உண்டு. வெளிச் செடி அறுவடைக்கு வரும் வாரங்களும் நவராத்திரியும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். கொலு வைக்கும் வீட்டில், பாட்டுச் சொல்லித்தரும் ரீச்சரும் பிள்ளைகளும் வந்து போகும் நாட்களில், வெட்டிய கிளைகளை எங்கே தொங்கவிடப் போகிறீர்கள்?

ஏனென்றால் வெளியில் வளர்த்தாலும் கடைசி இரண்டு வாரம் செடி வீட்டுக்குள்தான் வர வேண்டும். உலர்த்துவது இருட்டில், 20 பாகைக்குள், ஈரப்பதம் 60 சதவீதம் சுற்றி நிற்கும் இடத்தில், பத்து நாளுக்குக் குறையாமல் நடக்க வேண்டிய வேலை. வெயிலில் காயப்போட்டு வடகம் எடுப்பதுபோல் எடுத்தால் மணமும் போய்விடும், புகைத்தால் தொண்டையும் காறும். அதன்பின் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, முதல் வாரங்களில் நாள்தோறும் திறந்து மூடி வைப்பார்கள். கராஜ் அக்டோபரில் குளிராகவும் ஈரமாகவும் இருக்கும். ஆகவே வெளிச் செடிக்காரர்களுக்கும் ஒரு மூலை, ஒரு சின்ன விசிறி, முடிந்தால் ஒரு வடிகட்டி தேவைப்படும். "வெளியில்தானே வைக்கிறோம், வீட்டுக்குள் ஒன்றும் வராது" என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டு கட்டாயம். பச்சை இலையைக் கடித்தால் பெரிய மயக்கம் வராது, சூடாக்கினால்தான் அது போதை தரும் பொருளாக மாறும். ஆனால் உலர்ந்த மொட்டும் அதிலிருந்து செய்த வெண்ணெயும் பிஸ்கட்டும் சின்னப் பிள்ளையையும் நாயையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியவை. பியூட்டேன் போன்ற கரைப்பான் வைத்துச் சாறு இறக்குவது சட்டத்திலேயே தடை, வீடு தீப்பற்றிய கதைகள் அதனால்தான் வருகின்றன.

கூடாரம் வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ரொறன்ரோ பேஸ்மன்ட் கோடையில் இயல்பாகவே ஈரமானது. நான்கு செடி நாளெல்லாம் நீரை ஆவியாக்கினால் சுவரின் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரநீக்கி இல்லாமல் தொடங்க வேண்டாம். வீட்டுக் காப்புறுதியையும் எடுத்து வாசியுங்கள், கஞ்சா வளர்ப்பை விலக்கி வைக்கும் பிரிவு உள்ள ஒப்பந்தங்கள் உண்டு. இரண்டாவது, குளிர்காலத்தில் உள்ளே எடுத்து வைக்கும் கறிவேப்பிலை. அதன் இலையடியில் ஒளிந்து வரும் சிலந்திப்பேனுக்குக் கூடாரம் சொர்க்கம். சூடு, வறண்ட காற்று, எதிரி எவருமில்லை. இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். பேன் பிடித்த மொட்டில் மருந்து அடித்தால் அந்த மருந்தைத்தான் பிறகு புகைக்க வேண்டும்.

பின்வளவில் பெரிய செடி, பேஸ்மன்டில் கூடாரம் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, வளவுள்ள சொந்த வீட்டுக்காரர் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். "ஓட்டோஃப்ளவர்" என்று விற்கும் வகைகள் இரவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. வயது வந்ததும் பூக்கும். மே கடைசியில் சாடியில் விதைத்தால் ஓகஸ்டில், இலையுதிர் மழைக்கு முன்பே, அறுவடை முடிந்துவிடும். இடுப்பளவுக்கு மேல் வளர்வது குறைவு, தக்காளிக்குப் பின்னால் வைத்தால் கண்ணில் படாது, நவராத்திரிக்குள் போத்தலில் அடைத்து அலுமாரியில் பூட்டிவிடலாம். விளைச்சல் குறைவுதான். பெரிய செடியில் கிடைப்பதில் ஒரு சிறு பங்கு. ஆனால் அக்டோபரில் பாதியை அழுகக் கொடுப்பதைவிட ஓகஸ்டில் கொஞ்சம் நல்லதாக எடுப்பது மேல். கிளையை வெட்டிப் புதுக் கன்று எடுக்கும் வித்தை இதில் பலிக்காது, ஒவ்வொரு வருடமும் விதை வாங்க வேண்டும். பெண் விதை என்று குறித்திருப்பதையே வாங்குங்கள், ஆண் செடி வந்தால் உங்களுடையது மட்டுமில்லாமல் அக்கம்பக்கத்தில் வளர்ப்பவருடையதும் விதையாகும்.

வாடகைக்கு இருப்பவரும் கொண்டோக்காரரும் தங்கள் விதியைப் பார்க்கும்வரை மேலே சொன்ன எதிலும் நேரம் செலவிட வேண்டியதில்லை. கொண்டோவின் பால்கனியை நீங்கள் மட்டும் பாவித்தாலும் அது பொதுப் பகுதிதான், நிர்வாக சபையின் விதி அங்கே செல்லும். கஞ்சா வளர்ப்பைத் தடைசெய்யும் விதியைப் பல கட்டடங்கள் எப்போதோ போட்டுவிட்டன. வாடகை ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருக்கலாம். இருந்தால் கடைதான். கடைச் சரக்கில் வீட்டுச் செடிக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: பூச்சிமருந்து, நுண்ணுயிர், கனஉலோகம் எல்லாம் சோதித்து, போதை தரும் டிஎச்சி எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் விளைந்தது எவ்வளவு வலுவானது என்று புகைத்த பிறகுதான் தெரியும். குடும்பத்தில் மனநோய் வந்தவர்கள் இருந்தாலும், 25 வயதுக்குக் கீழே இருந்தாலும் இந்த ஒப்பீடே தேவையில்லை. ஆபத்து அவர்களுக்குக் கூடுதல் என்று கனடிய சுகாதாரத் துறையே சொல்கிறது.

விளைந்ததை என்ன செய்யலாம் என்பதிலும் வரம்பு உண்டு. வயது வந்த ஒருவருக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கலாம், ஒரு சதமும் வாங்கக்கூடாது. வெளியே கொண்டுபோனாலும் உலர்ந்தது 30 கிராம்தான். காரில் என்றால் கட்டி மூடிய பையில், அல்லது யாருக்கும் எட்டாத இடத்தில். எல்லை தாண்டுவது எந்த அளவானாலும் குற்றம். அமெரிக்காவின் பஃபலோவுக்குப் பொருள் வாங்கப் போகும் காரின் டிக்கியில் ஒரு மொட்டு கிடந்தாலும் மாட்டுவீர்கள். ஊருக்குப் போகும் பெட்டியில் விதை போட்டுக்கொண்டு போக யாராவது நினைத்தால், இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலும் இலங்கைச் சட்டத்திலும் கனடா கொடுத்த அனுமதிக்கு ஒரு மதிப்பும் இல்லை.